பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டவர்

பாட்டுக் கேட்க வந்தால் அவர் முதலில் பூட்ஸைக் கழற்றுவார். இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு காலைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் நீட்டி, பெருவிரல் பெட்டியின் அடிக்கட்டையில் படும்படி வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தாஸைப் பார்த்து, "ம், போடு" என்பார்.

தாஸ் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு சவுண்டு செட்டும் வாடகைக்கு விடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து, தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே உட்கார்ந்திருப்போம். நாங்கள் கேட்டது ஒரே ஒரு வெளிநாட்டு வாத்தியக் கூட்டத்தின் பாட்டுகளை. தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள். இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி வாசிப்பார்கள். பக்கத்துப் பாலகாட் சுரங்கத்திலிருந்து வரும் ஃபிட்டர் பீட்டரின் அண்ணன் கப்பலில் வேலையாக இருந்தார். அவர் லீவில் வரும்போது கொண்டுவருகிற இசைத்தட்டுகள்தான் எங்கள் சொத்து.

வார்த்தை எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கு ஒன்றுமே புரியாது. ஆனால் வாரம் முழுக்க பாறையில் டிரில் போடுகிற சத்தத்துக்குள் இருந்துவிட்டு வருகிறவனுக்கு மெல்லிசான பாட்டு ஏறாது. இந்தக் கூட்டத்தின் பாட்டு ஏறியது. அந்த இரைச்சலை யாரோ ஒழுங்கு பண்ணி நமக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் விலகிவிட்டான். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. வேறொருவன் வந்தான். அவன் பாடிய இரண்டு தட்டுகளைப் பீட்டரின் அண்ணன் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தாஸின் கடை இரண்டாகப் பிரிந்தது. பழைய ஆள் பக்கம் ஒரு பெஞ்சு, புது ஆள் பக்கம் ஒரு பெஞ்சு. கட்சிச் சண்டைகூட அவ்வளவு சூடாக நடந்து நான் பார்த்ததில்லை.

பழைய ஆள் பக்கத்துக்கு அவர்தான் தலைவர். எங்களைவிட மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். பூமிக்குள் செங்குத்தாக இறங்குகிற எங்கள் ஷாஃப்டின் ஒயிண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றிய கூண்டைக் கம்பிக் கயிற்றில் கீழே விடுவதும் மேலே இழுப்பதும் அவர் கை. கூண்டில் இருப்பவர்களை அவர் பார்க்க முடியாது. ஷாஃப்டிலிருந்து மணி அடிப்பார்கள். ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஏற்று. ஒயிண்டிங் ரூமில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தில் அந்த மணி இருக்கும். அதைக் கேட்டு அவர் லீவரைத் தள்ளுவதில்தான் எங்கள் எல்லோருடைய உயிரும் இருந்தது. அதனாலேயே அவர் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. "மணிச்சத்தத்துல வாழற ஆளுடா அவரு. சத்தத்தப் பத்தி அவருக்கா சொல்லித் தரணும்" என்பார் தாஸ்.

"புது ஆளு வந்தப்புறம் ட்ரம்காரன் ஓடறான்" என்பார் அவர். "பழைய ஆளு ஒரு வரி பாடிட்டு எடம் வுடுவான். அந்த எடத்துல அடி விழும். இவன் எடமே வுடறதில்ல. இடிச்சிக்கினே போறான்."

"அண்ணே, நான் கொரலப் பத்திக் கேட்டா நீங்க ட்ரம்மப் பத்திச் சொல்றீங்க" என்பான் பீட்டர். "கொரல் எப்பிடி கீது, அதச் சொல்லுங்க."

"கொரல் தொண்டையில இருந்தாப் பத்தாதுடா. உள்ளங்கால்ல இருந்து வரணும்."

எங்கள் பெஞ்சு கைதட்டும். நான் உட்கார்ந்தது பழைய ஆள் பெஞ்சில். ஆனால் எனக்குப் பிடித்தது புது ஆளின் பாட்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. திறந்தாலும் எனக்கே பாதிதான் கேட்கும்.

பேசுகிறவனின் வாயையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான். தாஸ் அவரைப் 'பல்லு டாக்டர்' என்று கிண்டல் செய்வார். எனக்கு வெற்றிலைப் பழக்கம். அவர் பார்வைக்குக் கூச்சப்பட்டே ஞாயிற்றுக்கிழமை வெற்றிலையை விட்டேன். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அவர் பதில் சொன்னதில்லை. "வாங்கண்ணே" என்றால்கூட ஒரு நொடி என் உதட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவன் பக்கம் திரும்பிக்கொள்வார். கீழே மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர் ஆள் நான். ஒயிண்டிங் டிரைவருக்கு என்னோடு இன்னா பேச்சு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு தடவை தாஸ் கொடுத்தனுப்பிய ரேடியோ வால்வு ஒன்றைக் கொடுக்க, கம்பெனி கட்டிய வரிசையில் இருந்த அவருடைய லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மரக்கட்டிலில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, கையில் மாவு இருந்ததால், கட்டில் காலை ஓங்கி ஒரு உதை விட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷன் உட்கார்ந்திருக்கிற கட்டிலை உதைக்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகத் திரும்பி, "இன்னா?" என்றார். அந்த அம்மாள் தாடையால் என்னைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பாட்டுக்காகப் பீட்டரோடு மல்லுக்கு நிற்கிற மனிதர் வீட்டில் இப்படி அடங்கிக் கிடக்கிறாரே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேத்தமங்களாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சவுண்டு செட் அப்போதுதான் திரும்பியிருந்தது. பெரிய பெட்டியோடு, சுவரில் மேலே ஓர் ஆணியில் கல்யாணத்து ஹாரன் ஸ்பீக்கரையும் தாஸ் மாட்டியிருந்தார். பீட்டர் புது ஆளின் இரண்டாவது தட்டைப் போட்டான். அதில் ஒரு பாட்டின் நடுவில் புது ஆள் மூச்சு விடாமல் ஒரே இழுப்பாக இழுத்துக் கத்துவான். பீட்டருக்கு அந்த இடம் சாமி மாதிரி. கண்ணை மூடிக்கொள்வான்.

அந்த இடத்துக்குச் சற்று முன்னால் பெரிய பெட்டிக்குப் போகிற வயர் கழன்று பெட்டி நின்றுபோனது. ஆனால் ஹாரன் நிற்கவில்லை. புது ஆள் சுவரின் உச்சியிலிருந்து கடை அதிரக் கத்திக்கொண்டிருந்தான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற கத்தல்.

அவர் தலையை நிமிர்த்தி, "இன்னாடா தாஸு, நிறுத்திட்ட?" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எங்கள் பெஞ்சு வெடித்துச் சிரித்தது. தாஸ் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். "அவன் உயிரே போற மாதிரி கத்தறான், நிறுத்திட்டியான்றாரு பாரு. இதுக்கு மேல இன்னாடா சொல்லணும் உன் ஆளப் பத்தி?" புது ஆள் பெஞ்சிலிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பீட்டரின் முகம் செத்துப்போனது. தட்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

நான் சிரிக்கவில்லை. அன்று பெஞ்சில் இடமில்லாமல் நான் அவருக்கு எதிரில் கீழே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சிரிக்கத் தொடங்கியபோது அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு, கொஞ்சம் தாமதமாக, தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெருவிரலால் பெட்டியின் அடிக்கட்டையைத் தடவித் தடவித் தேடினார். இருட்டில் செருப்பைத் தேடுகிற காலைப் போல இருந்தது அது.



கடை கலைந்ததும் அவர் பின்னாலேயே போனேன். லைன் வீடுகளுக்குப் போகிற ரோட்டில் அவர் எனக்கு நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. என் குரல் எப்போதும் அப்படித்தான் என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். பிறகு என் ஆயுளிலேயே அதுவரை கத்தாத அளவுக்குக் கத்தினேன். எதிரே சைக்கிளில் வந்தவன் காலை ஊன்றி நின்றுவிட்டான். கடலை வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதே நிதானத்தில் நடந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவருக்கு எதிரில் நின்றேன்.

"இன்னாப்பா?" என்றார். என் வாயைப் பார்த்தார். நான் எதையோ முணுமுணுத்தேன். அவர் முகம் சலித்தது. "வாயத் தெறந்து பேசு. உதடே அசைய மாட்டேங்குது உனுக்கு. நீ பேசி ஒரு வார்த்தகூட எனக்கு விளங்கனது இல்ல, தெரியுமா?"

அவர் என்னை மதிக்காததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. வாயை நன்றாகத் திறந்து, "உங்களுக்குக் காது கேக்கலண்ணே" என்றேன்.

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து ஓர் ஓரமாக நகர்த்தினார்.

"கம்ப்ரஸர் ஹவுஸ் எரைச்சல்ல இருந்தப்பவே போக ஆரம்பிச்சிது. இப்ப சுத்தமா இல்ல. வீட்ல அவளுக்குத் தெரியும். இப்ப உனுக்குத் தெரியும்."

"பெல்லு?"

குனிந்து தன் காலைத் தட்டிக் காட்டினார். "அந்தக் கம்பத்து அடியில காலு வெச்சிருப்பேன். அடி விழுந்தா முட்டி வரைக்கும் ஏறும். இதுவரைக்கும் ஒரு பெல்லு தப்பினது இல்ல."

"நாளைக்கு நான் கீழ எறங்கணும்ண்ணே."

"எறங்கு. நான்தான கீறேன்."

அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். கூண்டில் என்னோடு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். "நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்கண்ணே. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல்தான் இறங்கியது. "சொன்னா கொண்டுபோயி மெயின் கேட்டுல வாட்ச்மேனா உக்கார வெப்பானுங்க. சோறு போடுவானுங்க, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அங்க தரை ஆடாதுப்பா. ஒயிண்டிங் ரூம்ல எல்லாமே ஆடும். எனுக்கு அங்கதான் எல்லாம் கேக்குது. கேட்டுல நான் செத்த பொணம்." பிறகு, "இந்த வாரம் வரைக்கும் வுடு. நானே சொல்றேன்" என்றார்.

அடுத்த நாள் கூண்டில் ஏறினேன். ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கீழே போகும்போது கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கூண்டு நாங்கள் இறங்க வேண்டிய லெவலில் பூப்போல வந்து நின்றது. மறுநாளும் அப்படித்தான். நல்ல காது உள்ள எந்த டிரைவரும் அவ்வளவு மெதுவாக நிறுத்தி நான் பார்த்ததில்லை. சொல்லியே தீர வேண்டுமா என்றுகூட ஒரு நினைப்பு வரத் தொடங்கியது.

அந்த வாரம் முடிவதற்குள், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்துகொண்டிருந்தபோது, பாதி ஷாஃப்டில் கூண்டு சட்டென்று நின்றது. யாரும் மணி அடிக்கவில்லை. "இன்னாய்யா, தூங்கிட்டாரா?" என்று ஒருவன் கேட்டு முடிப்பதற்குள் கீழேயிருந்து ஒரு இடி வந்தது. பாறை தானாக வெடிக்கிற ராக்பர்ஸ்ட். ஊரில் பாத்திரங்களை உருட்டிவிடுகிற அதே இடி, நாங்கள் அதன் தொண்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தோம். கூண்டு பக்கவாட்டில் மோதியது. மேலேயிருந்து தூசியும் சில்லும் கொட்டின. பிறகு அசைவில்லை.

"ஏத்தச் சொல்லுய்யா" என்று எல்லோரும் கூண்டில் மணி அடிக்கிற பெல்மேனை நெருக்கினார்கள். அவர் கையை வெளியே நீட்டி, ஷாஃப்ட் ஓரமாக ஓடுகிற மணிக்கம்பியைப் பிடித்துப் படபடவென்று இழுத்தார். கூண்டு அசையவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை. சுற்றிலும் பாறை இன்னும் உறுமி உறுமி அடங்கிக்கொண்டிருந்தது.

"மேல யாரும் இல்லியா? ஆளு வுழுந்துட்டாரா?" என்று யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

எனக்கு மட்டும் தெரியும். மேலே அவர் கம்பத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இடிக்கு முன்னால் வந்த நடுக்கம் காலில் ஏறித்தான் கூண்டை நிறுத்தியிருக்கிறார். பூமி முழுக்க அவர் காலில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் எது எங்கள் மணி என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு என்று எடுத்துக்கொண்டால் எங்களைக் கீழே, அந்த வெடிப்புக்கே இறக்கிவிடுவார்.

"அண்ணே" என்றேன் பெல்மேனிடம். அவர் கவனிக்கவில்லை. ஆட்களை இடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன். "எடம் வுட்டு அடிங்க. ஒரு அடி அடிச்சிட்டு நிறுத்துங்க. அது அடங்கனப்புறம் அடுத்தது. பலமா இழுங்க."

"எனுக்கே பெல்லு சொல்லித் தர்றியா நீ?"

"எடம் வுடுங்கண்ணே. அவருக்கு எடம் வுட்டாத்தான் தெரியும்."

என்னை வினோதமாகப் பார்த்தார். ஆனால் அவருக்கும் வேறு வழி இல்லை. பாறை அடங்கும்வரை காத்திருந்து, உடம்பையே கம்பியில் போட்டு ஓர் இழுப்பு. நிறுத்தினார். இன்னோர் இழுப்பு. நிறுத்தினார். மூன்றாவது இழுப்பு. கூண்டு லேசாக நடுங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, மேலே போக ஆரம்பித்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஒயிண்டிங் ரூமுக்குப் போனார்கள். ஃபோர்மேன் ஏற்கெனவே அங்கே இருந்தார். "இன்னா காதுய்யா உனுக்கு" என்று பெல்மேன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "இடி எங்களுக்குக் கேக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டியே." ஃபோர்மேனும், "இந்தக் கோல்டு ஃபீல்டுலேயே இவருக்கு இருக்கற காது வேற யாருக்கும் கிடையாது" என்றார்.

அவர் அப்போதும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு எழுந்து, "எனுக்குக் காது கேக்காது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தாஸின் கடைக் கதை அதற்குள் லைன் முழுக்கப் பரவியிருந்தது. "அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு" என்றான் ஒருவன். ஃபோர்மேனும் சிரித்தார்.

அவர் சிமெண்டுத் தரையில் சுவர்ப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். "கூப்புடுங்க" என்றார் சுவரைப் பார்த்து.

சிரிப்போடுதான் கூப்பிட்டார்கள். "அண்ணே." பிறகு பெயர் சொல்லி. பிறகு கெட்ட வார்த்தை சொல்லி. முதுகு அசையவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. ஃபோர்மேன் அவர் காதுக்குப் பின்னால் போய்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த முதுகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் முதுகு மாதிரி, பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. பெல்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை காலமாக அந்தக் கையை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று எல்லோரும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான்தான் சுற்றிப்போய் அவர் முன்னால் நின்று, வாயைத் திறந்து, "போதும்ண்ணே" என்றேன்.

"இன்னைக்குத் தரை பூரா பெல்லு அடிச்சிதுப்பா" என்றார். "எது பெல்லு, எது பூமின்னு தெரியல. கடைசியில எவனோ எடம் வுட்டு அடிச்சான்."

அவர் சொன்னபடியே கேட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். பீட்டர் வந்திருந்தான். "அப்ப அவரு ஒரு பாட்டக்கூடக் கேட்டதே இல்லியா? ரெண்டு பேர் கொரலும் அவருக்குத் தெரியாதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். தாஸ் பழைய தட்டையும் புதுத் தட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எதைப் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

அவர் வந்தார். யாரையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி அடியில் தள்ளினார். காலை நீட்டிப் பெட்டியில் வைத்தார். "ம், போடு."

பீட்டர் எழுந்து பழைய ஆளின் தட்டைப் போட்டான். தன் ஆளின் தட்டை அவன் தொடவே இல்லை. முழுப் பக்கமும் ஓடி முடிந்தது. வழக்கமாகச் சண்டை தொடங்குகிற நேரம் அது. யாரும் வாய் திறக்கவில்லை. பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான். தாஸ் துணியால் ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் இந்தப் பெஞ்சைப் பார்த்தார். அந்தப் பெஞ்சைப் பார்த்தார். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு உதடும் அசையவில்லை.

"இன்னாடா," என்றார், "நிறுத்திட்டீங்க?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கேட்டில் உட்கார்ந்த முகம் அது. இங்கேயும் தரை ஆடுவது நின்றுவிட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை.

பழைய ஆள் பெஞ்சிலிருந்து எழுந்தேன். அவருக்கு நேராகப் போய் நின்றேன். கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டுச் சொன்னேன்.

"புது ஆளுதான் நல்லா பாடறான்."

பீட்டர் நிமிர்ந்தான். அவர் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு காலைப் பெட்டியிலிருந்து எடுத்து, தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"போடா டேய். காது இருந்தா மட்டும் பத்துமாடா? டேய் பீட்டரு, அந்தப் புதுத் தட்டப் போடுடா. இவனுக்கு எங்க இடிக்குதுன்னு காட்டறேன்."